போகாத ஊருக்கு வழி: குள்ளஞ்சாவடியிலிருந்து வெலேன்யே வரை

குள்ளஞ்சாவடியில் நான் ஒரு சின்னக் கணினி சென்டர் வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ், ஆதார் திருத்தம், பட்டா சிட்டா, கூடவே பாஸ்போர்ட் விண்ணப்பம். சிங்கப்பூர், துபாய், குவைத் என்று கிளம்பிய எத்தனையோ பேருக்கு இந்தக் கையால்தான் விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். எனக்கும் ஒரு பாஸ்போர்ட் இருக்கிறது. எடுத்து ஏழு வருஷம் ஆகிறது. உள்ளே ஒரு முத்திரைகூட இல்லை.

போன வாரம் கடையில் கூட்டமில்லாத நேரம். நான் பாட்டுக்கு மேப்பைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா பையன் பின்னால் வந்து நின்றான். மைனிங் டிப்ளமோ படிக்கிறான், வயசு பதினெட்டு.

"என்னா மாமா, எந்த ஊரு இது?"

"ஸ்லோவேனியா."

"ஸ்லோவாக்கியாவா?"

"இல்லடா, அது வேற, இது வேற."

"அங்க என்னா இருக்கு?"

"நெய்வேலி இருக்கு."

அவன் சிரித்துவிட்டுப் போய்விட்டான். நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. ஏன் அப்படிச் சொன்னேன் என்பதுதான் இந்தக் குறிப்பு. இன்னும் காலடி வைக்காத ஒரு நாட்டைப் பற்றி எழுதுவது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் மூன்று வருஷமாகப் படித்துப் படித்து, போவதற்கு முன்பே பாதி ஊர் பழகிவிட்டது.

கடலூர் மாவட்டத்தை விடக் குறைந்த ஜனம்

முதலில் நாடு எவ்வளவு பெரிசு என்று பார்த்துவிடுவோம். ஸ்லோவேனியாவின் பரப்பு 20,271 சதுர கிலோமீட்டர். நம் கடலூர் மாவட்டம் 3,678 சதுர கிலோமீட்டர். அதாவது நம் மாவட்டத்தைப் போல ஐந்தரை மடங்கு. தமிழ்நாட்டுக்குள் அந்த நாட்டை ஆறு தடவை வைத்தாலும் கொஞ்சம் இடம் மிஞ்சும். மக்கள்தொகை சுமார் 21 லட்சம். கடலூர் மாவட்டத்தில் 2011 கணக்கெடுப்பிலேயே 26 லட்சம் பேர். ஒரு முழு நாடு, அதற்கு ஒரு பாராளுமன்றம், ஒரு மொழி, ஐக்கிய நாடுகள் சபையில் ஒரு நாற்காலி. அத்தனையும் நம் மாவட்டத்து ஜனத்தொகையை விடக் குறைந்த ஆட்களுக்கு.

மேற்கே இத்தாலி, வடக்கே ஆஸ்திரியா, கிழக்கே ஹங்கேரி, தெற்கே குரோவேசியா. கடற்கரை என்று பார்த்தால் நாற்பத்தேழு கிலோமீட்டர் தான். பாதிக்கு மேல் காடு. 1991 ஜூன் 25 வரைக்கும் யூகோஸ்லாவியாவில் ஒரு பகுதி. அன்று விடுதலை அறிவித்தார்கள், பத்து நாள் சண்டை நடந்தது, தனி நாடானது. 2004-ல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்து, 2007-ல் யூரோவுக்கு மாறினார்கள். அவர்களுடைய இரண்டு யூரோ நாணயத்தில் இருப்பது பிரெஷெரன் என்ற கவிஞர். அவர் இறந்த பிப்ரவரி 8-ஆம் தேதி நாட்டுக்கே அரசு விடுமுறை. ஒரு கவிஞனுக்காகக் கடையை அடைக்கும் ஊர் என்று தெரிந்தபோதே எனக்குப் பிடித்துப்போய்விட்டது.

சுற்றுலாப் படங்களில் வருவது பிளெட் என்ற ஏரி. நடுவில் ஒரு தீவு, தீவில் ஒரு தேவாலயம், பின்னால் பனி மலை. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் நான் போக நினைப்பது அங்கே இல்லை. தலைநகர் லூப்லியானாவிலிருந்து வடகிழக்கே சுமார் எழுபத்தைந்து கிலோமீட்டரில் இருக்கும் வெலேன்யே என்ற ஊருக்கு. சுற்றுலாக்காரர்கள் அவ்வளவாக இறங்காத ஊர். அது ஒரு பழுப்பு நிலக்கரி ஊர்.

ஒரே கரி, இரண்டு ஊர்

பழுப்பு நிலக்கரி என்றால் என்ன என்று நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சுருக்கமாக. காடும் சதுப்பும் மண்ணுக்குள் புதைந்து, பல லட்சம் வருஷம் அழுந்தி நிலக்கரியாகிறது. அந்தப் பாதையில் பாதி வழியில் நிற்பதுதான் பழுப்பு நிலக்கரி. முழுசாகக் கரியாகவில்லை. நெய்வேலியில் எடுப்பதில் ஏறக்குறையப் பாதி எடை ஈரம்தான். வெட்டி எடுத்து லாரியிலோ ரயிலிலோ தூரத்துக்கு அனுப்பினால் பாதிக் கூலி தண்ணீரைச் சுமக்கவே போகும். அதனால் சுரங்கத்துக்குப் பக்கத்திலேயே அனல்மின் நிலையத்தைக் கட்டிவிடுவார்கள். கரி போகாது, கம்பியில் மின்சாரம்தான் போகும். உலகத்தில் எங்கே இந்தக் கரி கிடைத்தாலும் சுரங்கம், கன்வேயர் பெல்ட், புகைபோக்கி, சாம்பல், குடியிருப்பு எல்லாம் ஒரே இடத்தில் சேர்ந்து நிற்பதற்குக் காரணம் இதுதான்.

நெய்வேலிக் கதை நமக்குத் தெரியும். 1930-களின் நடுவில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு தோண்டும்போது தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்தது. பிறகு ஆய்வு, பிறகு 1956 நவம்பரில் கார்ப்பரேஷன். 1957 மே மாதம் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். முதலியார் 620 ஏக்கர் நிலம் கொடுத்தார். மேலே இருந்த மண்ணையும் பாறையையும் எடுத்துக் கரியைக் கண்ணால் பார்க்க 1961 ஆகஸ்ட் 24 ஆனது. அந்தப் பாறைக்குப் புவியியல்காரர்கள் வைத்திருக்கும் பெயரே கடலூர் மணற்கல்தான்.

வெலேன்யேயில் 1875-ல் துளைபோட்டுப் பார்த்தபோது பெரிய கரிப் படிவம் அகப்பட்டது. அப்போது அது ஆஸ்திரிய - ஹங்கேரியப் பேரரசு. படிவத்தின் தடிமனைக் கேட்டால் ஆச்சரியமாக இருக்கும். நெய்வேலியில் எட்டு மீட்டரிலிருந்து இருபத்தேழு மீட்டர் வரை. வெலேன்யேயில் சில இடங்களில் நூற்று அறுபது மீட்டருக்கும் மேல். உலகத்திலேயே தடிமனான படிவங்களில் ஒன்று. ஆனால் ஆழத்தில் இருக்கிறது. அதனால் நம்மைப் போலத் திறந்த வெளியில் பக்கெட் வீல் மிஷினை வைத்து வெட்ட முடியாது. பூமிக்குள் சுரங்கம் குடைந்து, கீழே இறங்கித்தான் எடுக்கிறார்கள்.

இன்னொரு ஒற்றுமை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு யூகோஸ்லாவியாவுக்குத் தலைவர் டிட்டோ, நமக்கு நேரு. அணிசேரா இயக்கத்தை முன்னின்று நடத்தியவர்கள் இருவரும். நெய்வேலியில் முதல் கரி வெளியே தெரிந்த எட்டாம் நாள், 1961 செப்டம்பர் 1-ஆம் தேதி, பெல்கிரேடில் அணிசேரா நாடுகளின் முதல் மாநாடு தொடங்கியது. டிட்டோ வரவேற்றார், நேரு போயிருந்தார். அந்தச் சமயம் இரண்டு பேர் நாட்டிலும் பழுப்பு நிலக்கரிக்காகவே ஒரு புது ஊர் எழும்பிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டார்களா என்று கேட்காதீர்கள். எனக்குப் பிடித்த தற்செயல், அவ்வளவுதான்.

கையால் கட்டிய ஊர்

நெய்வேலி டவுன்ஷிப்பைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பிளாக் பிளாக்காகப் பிரித்து, நேரான சாலை, இரண்டு பக்கமும் மரம். குள்ளஞ்சாவடியிலிருந்து வடலூர் வழியாக உள்ளே போகும்போது வேறு ஏதோ மாநிலத்துக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். சின்ன வயசில் அங்கே புத்தகக் கண்காட்சிக்குப் போவதே எனக்கு வெளிநாட்டுப் பயணம் மாதிரி.

வெலேன்யேயும் அப்படித் திட்டம் போட்டுக் கட்டிய ஊர்தான். பழைய வெலேன்யே கோட்டைக்குக் கீழே ஒரு சின்னக் கிராமம். சுரங்கம் பெருகியபோது தொழிலாளிகளுக்காகப் புது ஊரைக் கட்டினார்கள். பூங்காவுக்கு நடுவில் ஊர் இருக்க வேண்டும் என்பது யோசனை. அதில் முக்கியமான விஷயம், ஊரைக் கட்டியதில் பெரிய பங்கு சுரங்கத் தொழிலாளிகளும் பொதுமக்களும் ஓய்வு நேரத்தில் கூலி வாங்காமல் செய்த வேலை. சாலை, பூங்கா, ஆற்றுக்கரை என்று மண்வெட்டி பிடித்திருக்கிறார்கள். 1959 செப்டம்பர் 20-ஆம் தேதி புது ஊர் திறப்பு விழா. இன்றைக்கும் அந்தத் தேதிதான் ஊர்த் திருநாள்.

நடு மைதானத்தில் டிட்டோவின் சிலை, பத்து மீட்டர் உயரம். உலகத்திலேயே பெரிய டிட்டோ சிலை அதுதான். 1981-லிருந்து 1990 வரை ஊர்ப் பெயரே 'டிட்டோவோ வெலேன்யே'. பிறகு பெயரிலிருந்து டிட்டோவை எடுத்துவிட்டார்கள், சிலையை எடுக்கவில்லை. இன்று அந்த ஊரில் இருபத்தைந்தாயிரம் பேர் இருந்தால் அதிகம். நெய்வேலி டவுன்ஷிப்பில் ஒரு லட்சத்துக்கு மேல்.

பள்ளம் ஏரியானது

இனி சொல்லப்போவதுதான் என்னை இந்த ஊரோடு கட்டிப்போட்டது.

பூமிக்கு அடியிலிருந்து இவ்வளவு தடிமனான கரியை எடுத்தால் மேலே என்ன ஆகும்? கூரை கீழே இறங்கும். வெலேன்யேயில் கரியை எடுத்த இடத்தை அப்படியே இடிந்து விழவிட்டுப் பின்வாங்குவதுதான் முறை. அப்போது மேலே இருக்கும் பள்ளத்தாக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்தது. தாழ்ந்த இடத்தில் ஓடைத் தண்ணீர் வந்து நின்றது. இப்படி உருவானவை மூன்று ஏரிகள். ஒன்றின் ஆழம் எண்பது மீட்டருக்கு மேல். ஸ்லோவேனியாவின் மிக ஆழமான ஏரிகளில் ஒன்று. அதை யாரும் ஏரி வேண்டும் என்று வெட்டவில்லை.

அந்த ஏரியின் பெயர் த்ருஷ்மிர்யே. அது ஒரு கிராமத்தின் பெயர். கிராமம் இப்போது இல்லை. வீடுகளைக் காலி செய்து, இடித்து, ஆட்கள் வேறு இடம் போய், பிறகு தண்ணீர் வந்தது. பக்கத்தில் இன்னும் சில கிராமங்களுக்கும் இதே கதை.

நம் பக்கம் பள்ளம் வேறு மாதிரி. திறந்தவெளிச் சுரங்கத்தில் முதலில் ஊரைக் காலி செய்ய வேண்டும், பிறகுதான் மண்ணை எடுக்க முடியும். 1950-களிலிருந்து நெய்வேலியைச் சுற்றிப் பல கிராமங்கள் அப்படிப் போயின. 2023 ஜூலையில் வளையமாதேவியில் பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்ட, கதிர் வந்து நின்ற நெல்வயலில் மிஷின் இறங்கியதை நாடே டி.வி.யில் பார்த்தது. கையகப்படுத்திப் பல வருஷமான நிலம் என்றது ஒரு பக்கம், விளைந்த பயிரை அறுக்கும் வரை பொறுக்கக்கூடாதா என்றது இன்னொரு பக்கம். உயர் நீதிமன்றத்திலும் இந்தக் கேள்வி எழுந்தது. நான் அந்த வழக்கை இங்கே நடத்தப் போவதில்லை. ஊர் போனால் அது எங்கே போகிறது என்பதுதான் என் கேள்வி. த்ருஷ்மிர்யே ஏரிப் பெயராக மேப்பில் நிற்கிறது. நம் பக்கம் போன ஊர்களில் எத்தனைக்கு மேப்பில் ஒரு புள்ளி மிச்சம் இருக்கிறது?

தண்ணீர்க் கதையும் ஒன்று உண்டு. வெலேன்யே ஏரியில் அனல்மின் நிலையத்துச் சாம்பல் கலந்த தண்ணீரைப் பல வருஷம் விட்டார்கள். சாம்பலில் சுண்ணாம்புத் தன்மை அதிகம். தண்ணீரின் காரத்தன்மை பி.எச். 12 வரை போனது. நல்ல தண்ணீருக்கு 7-ஐ ஒட்டி இருக்கும். 12 என்பது சுண்ணாம்புத் தெளிவு மாதிரி. மீன் இல்லை, பாசிகூட இல்லை. பார்க்க நீலமாக அழகாக இருக்கும், உள்ளே செத்த ஏரி. 1990-களின் நடுவில் சாம்பல் தண்ணீரை வெளியே விடாமல் திரும்பத் திரும்ப அதே குழாய்க்குள் சுற்றவிடும் ஏற்பாட்டைச் செய்தார்கள். ஓடைகளின் நல்ல தண்ணீர் தொடர்ந்து வந்து ஏரியைக் கழுவியது. சில வருஷங்களில் மீன் திரும்பியது. இப்போது அதே ஏரியில் மணல் கொட்டிய கரை, கோடையில் குழந்தைகள் குதித்துக் குளிக்கிறார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் பக்கத்துப் பெருமாள் ஏரிதான் ஞாபகம் வந்தது. நெய்வேலியில் கரிக்கு அடியில் பெரிய நிலத்தடி நீர்ப்படுகை இருக்கிறது. அது கீழிருந்து மேலே அழுத்தும். விடாமல் பம்ப் போட்டு இறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரையே பிளந்து தண்ணீர் பொங்கும். இறைத்த தண்ணீரில் ஒரு பகுதி பரவனாறு வழியாக வாலாஜா ஏரிக்கும் பெருமாள் ஏரிக்கும் வருகிறது. பாசனத்துக்கு உபயோகம்தான். கூடவே வண்டலும் வந்து ஏரி மேடாகிறது என்பது இங்கே பழைய புகார். ஆக, அங்கேயும் இங்கேயும் சுரங்கத்தின் கணக்கு கடைசியில் ஏரியில்தான் வந்து நிற்கிறது. அவர்கள் ஒரு ஏரியைத் திருப்பி எடுத்தார்கள். எப்படி என்று கரையில் நின்று கேட்க ஆசை.

2033

இப்போது அக்கா பையன் விஷயத்துக்கு வருகிறேன்.

2022 ஜனவரியில் ஸ்லோவேனிய அரசு ஒரு முடிவு எடுத்தது. மின்சாரத்துக்கு நிலக்கரி எரிப்பது 2033-க்குள் நிறுத்தப்படும். வெலேன்யே சுரங்கத்துக் கரியை எரிப்பது பக்கத்து ஊர் ஷோஷ்தான் அனல்மின் நிலையம். அது நின்றால் சுரங்கமும் நிற்கும். 1875-ல் ஆரம்பித்தது, ஏறக்குறைய நூற்று அறுபது வருஷத்தில் முடியும்.

அங்கே எல்லாம் ஒழுங்காக நடந்தது என்று நினைக்காதீர்கள். அந்த நிலையத்தில் ஆறாவது யூனிட் என்று 600 மெகாவாட்டில் புதிதாக ஒன்றைக் கட்டினார்கள். முதலில் சொன்ன செலவு எங்கேயோ இருக்க, முடிவில் சுமார் 140 கோடி யூரோ ஆனது. பெரிய சர்ச்சை. அது ஓட ஆரம்பித்து ஏழெட்டு வருஷத்திலேயே கடைசித் தேதியும் குறித்தாயிற்று. இன்னொரு சிக்கல், வெலேன்யே, ஷோஷ்தான் வீடுகளுக்குக் குளிர்காலத்தில் வரும் சூடு அந்த நிலையத்து வெந்நீர்க் குழாயிலிருந்து வருகிறது. நிலையத்தை மூடினால் மின்சாரம் வேறு இடத்திலிருந்து வரும், வெந்நீர் எங்கிருந்து வரும்? பத்துப் பன்னிரண்டு டிகிரி உறைநிலைக்குக் கீழே போகும் ஊரில் இது சின்னக் கேள்வி இல்லை.

ஆனால் இரண்டு விஷயம் அவர்களுக்குக் கைகொடுக்கிறது. ஒன்று, கரியை மட்டும் நம்பி ஊர் இல்லை. கோரேன்யே என்ற கம்பெனி 1950-ல் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஆரம்பித்து வெலேன்யேக்கு வந்தது. ஃப்ரிட்ஜ், வாஷிங் மிஷின், அடுப்பு செய்கிறார்கள். 2018-ல் சீனாவின் ஹைசென்ஸ் வாங்கிவிட்டது. ஆனாலும் ஆலை அங்கேதான். சுரங்கத்துக்குப் போகாத பிள்ளைக்கு ஊரிலேயே ஒரு வேலை இருந்தது. இரண்டு, மூடப்போகும் தேதி முன்கூட்டியே தெரியும். ஐரோப்பிய ஒன்றியம் நிலக்கரிப் பகுதிகள் மாறுவதற்கென்று ஒரு நிதி வைத்திருக்கிறது. ஸ்லோவேனியாவின் இரண்டு நிலக்கரிப் பகுதிகளுக்கு அதிலிருந்து இருபத்தைந்து கோடி யூரோவை ஒட்டிய தொகை ஒதுக்கியிருக்கிறார்கள். போதுமா, சரியாகச் செலவாகுமா என்பது வேறு. தேதி என்று ஒன்று இருந்தால்தான் கணக்கே போட முடியும்.

நம் பக்கம் தேதி இல்லை. 2021-ல் கிளாஸ்கோ மாநாட்டில் இந்தியா சொன்னது, 2070-க்குள் நிகர பூஜ்ஜிய உமிழ்வு. நெய்வேலியின் முதல் அனல்மின் நிலையம், ரஷ்யர்கள் உதவியோடு கட்டிய 600 மெகாவாட் நிலையம், 2020-ல் ஓய்வு பெற்றுவிட்டது. அதற்குப் பதில் 1,000 மெகாவாட் புது நிலையம் வந்துவிட்டது. அதே நிறுவனம்தான் மத்தியப் பொதுத்துறையில் முதலில் 1,000 மெகாவாட் சூரிய மின்சாரத்தைத் தாண்டியது. சூரியத் தகடுக்கு மைனிங் டிப்ளமோ தேவையில்லை.

அக்கா பையனுக்கு இப்போது பதினெட்டு. ஐம்பத்தெட்டில் ஓய்வு என்றால் இன்னும் நாற்பது வருஷம், 2065-ஐத் தொடும். அவன் வேலை பார்க்கப்போகும் காலம் முழுக்க இந்த மாற்றத்துக்குள்தான் விழுகிறது. வெலேன்யேயில் அவன் வயதில் ஒரு பையன் சுரங்கப் படிப்பு படித்தால், அவனுக்கு 2033-ல் இருபத்தாறு வயசுதான் இருக்கும். அவனுக்கு அது தெரியும். அவன் வாத்தியாருக்கும் தெரியும். இதை அக்கா பையனிடம் சொன்னேன்.

"அப்ப நான் படிக்கிறது வேஸ்ட்டா மாமா?" என்றான்.

"இல்லடா. சுரங்கத்தைத் திறக்க ஆள் வேணும்னா மூடவும் ஆள் வேணும். தண்ணிய இறைக்க, மண்ண நிரப்ப, ஏரிய காப்பாத்த, எல்லாத்துக்கும் மைனிங் தெரிஞ்சவன்தான் வேணும். அங்க அதத்தான் இப்ப கத்துக்கிறாங்க."

அவனைச் சமாதானப்படுத்தச் சொன்னதா, எனக்கே நம்பிக்கை இருந்து சொன்னதா என்று பிறகு யோசித்தேன். இரண்டும் கொஞ்சம் கொஞ்சம். நேரில் பார்த்துவிட்டு வந்து சொன்னால் இன்னும் தைரியமாகச் சொல்லலாம்.

போனால் என்ன பார்ப்பேன்

கனவுக்கும் ஒரு திட்டம் வேண்டும் அல்லவா. என் நோட்டில் இருப்பது இது.

ஸ்லோவேனியாவுக்கு ஷெங்கன் விசா. 2024 ஜூனிலிருந்து கட்டணம் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவச் செலவை ஏற்கும் பயணக் காப்பீடு கட்டாயம். போக வர டிக்கெட், தங்குமிடம், வங்கிக் கணக்கு எல்லாம் காட்ட வேண்டும். மற்றவர்களுக்கு இந்தக் காகிதங்களை எல்லாம் ஸ்கேன் செய்து கொடுத்த கைக்கு அது ஒன்றும் பெரிய வேலை இல்லை, பணம்தான் வேலை. மாசம் இரண்டாயிரம் தனியாக எடுத்து வைக்கிறேன். மெதுவாகத்தான் ஏறுகிறது.

சென்னையிலிருந்து லூப்லியானாவுக்கு நேர் விமானம் கிடையாது, எங்காவது மாறித்தான் போக வேண்டும். லூப்லியானாவில் ரயில் ஏறி, செல்யே என்ற ஊரில் மாறினால் வெலேன்யே. ஊருக்குள் சுற்ற நகராட்சியே 2008-லிருந்து இலவச பஸ் விடுகிறது. குள்ளஞ்சாவடி ஸ்டாப்பில் பஸ்ஸுக்குக் காத்து நின்றே பழகியவனுக்கு அந்தப் பஸ்ஸில் ஏறிச் சும்மா ஒரு சுற்றுச் சுற்றவே ஆசை.

முதல் நாள், நிலக்கரி அருங்காட்சியகம். பழைய சுரங்கம் ஒன்றையே 1999-ல் அருங்காட்சியகமாக்கிவிட்டார்கள். தலைக்கு ஹெல்மெட், மேலே சுரங்கக்காரர் சட்டை மாட்டிவிட்டு, பழங்கால லிஃப்ட்டில் நூற்றைம்பது மீட்டருக்கும் கீழே இறக்குகிறார்கள். கீழேயே சுரங்கத் தொழிலாளி சாப்பிடும் சிற்றுண்டி தருகிறார்கள். ஸ்லோவேனியச் சுரங்கக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தால் வணக்கம் சொல்வதில்லை. 'ஸ்ரெச்னோ' என்பார்கள். நல்லபடியாக இருக்கட்டும் என்று அர்த்தம். கீழே போகிறவன் மேலே வர வேண்டுமே. இந்த ஒரு சொல்லை இப்போதே பழகி வைத்திருக்கிறேன்.

இரண்டாம் நாள், ஏரிக்கரை. செத்துப் பிழைத்த ஏரியில் கால் நனைப்பேன். பிறகு த்ருஷ்மிர்யே ஏரிக்குப் போய்ச் சும்மா உட்கார்ந்திருப்பேன். அங்கே பிறந்து வளர்ந்து இடம் மாறியவர்கள் யாராவது வயசானவர்கள் வருவார்களா என்று பார்ப்பேன். கேட்க ஒரே ஒரு கேள்விதான்: ஊர் தண்ணிக்குள்ள போன பிறகு உங்க பிள்ளைங்களுக்கு ஊரப் பத்தி என்ன சொன்னீங்க?

அதைக் கேட்க மொழி வேண்டும். ஸ்லோவேனிய மொழி கொஞ்சம் படித்துப் பார்த்தேன். அதில் ஒரு அதிசயம். நமக்கு ஒருமை, பன்மை இரண்டுதான். அவர்களுக்கு நடுவில் இருமை என்று ஒன்று உண்டு, சமஸ்கிருதத்தில் இருந்த மாதிரி. நான் என்றால் 'யாஸ்', நாம் இரண்டு பேர் மட்டும் என்றால் 'மித்வா', மூன்றும் அதற்கு மேலும் என்றால் 'மி'. இரண்டு பேர் சேர்ந்து நடந்தால் வினைச்சொல்கூட மாறும். ஐரோப்பாவில் பெரும்பாலான மொழிகள் தொலைத்துவிட்டதை இந்தச் சின்ன நாடு வைத்திருக்கிறது.

ஆனால் நம்மிடம் இருக்கும் ஒன்று அவர்களிடம் இல்லை. நாம், நாங்கள். கேட்பவரையும் சேர்த்தால் நாம், சேர்க்காவிட்டால் நாங்கள். நெய்வேலிக் கதையே இந்த இரண்டு சொல்லுக்கு நடுவில்தான் இருக்கிறது என்று எனக்குப் படும். நாட்டுக்கு மின்சாரம் தந்தோம் என்று பேசும்போது எல்லோரும் 'நாம்' என்கிறார்கள். நிலம் கொடுத்தது யார் என்று கேட்டால் சில ஊர்க்காரர்கள் மட்டும் 'நாங்கள்' என்கிறார்கள். வெலேன்யேயில் ஊரையே கூலியில்லாமல் சேர்ந்து கட்டியவர்கள், ஊர் போனவர்கள், 2033-க்குப் பிறகு வேலை தேடப்போகிறவர்கள், எல்லோருக்கும் ஒரே 'மி'தான். அந்த ஒரே சொல்லுக்குள் யார் யார் நிஜமாகவே இருக்கிறார்கள் என்பதைத்தான் போய்ப் பார்க்க வேண்டும்.

எங்கள் ஊர்ப் பெயரிலேயே சாவடி இருக்கிறது. வழிப்போக்கர் தங்கிப் போகும் இடம். காலம் முழுக்க மற்றவர் வழியைப் பார்த்துக்கொண்டே இருந்த ஊர், நானும் கிட்டத்தட்ட அப்படித்தான். நேற்று அக்கா பையன் கடைக்கு வந்தான். கையில் அவனுடைய போட்டோ, பத்தாவது மார்க் ஷீட்.

"மாமா, எனக்கும் ஒரு பாஸ்போர்ட் அப்ளை பண்ணு."

"எதுக்குடா?"

"நீ போவும்போது ஒருத்தன் கூட வேணும்ல. மித்வா."

விண்ணப்பத்தை நேற்றே போட்டுவிட்டேன். இனிமேல் மாசம் நாலாயிரம் எடுத்து வைக்க வேண்டும். ரயிலில் அவனுக்கு ஜன்னல் ஓரம். 2033-க்கு முன்னால் போய்விட வேண்டும்.